திரும்பி வரும் கம்பி

அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பியபோது, சமையலறை அலமாரியில் அண்ணன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

முதலில் பார்த்தது தங்கைதான். தொண்டை வறண்டு தண்ணீர் குடிக்கப் போனவள், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். சர்க்கரை டப்பாவுக்கும் சோப்புத்தூள் பாக்கெட்டுக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னத் திரை. அதில் ஒரு பச்சைக் கோடு ஏறியது, இறங்கியது, கொஞ்சம் தயங்கியது, மறுபடி ஏறியது. அந்தத் தயக்கம் அண்ணனுடையது. நுரையீரல் கெட்டுப்போன பிறகு ஒவ்வொரு மூச்சின் அடியிலும் அவன் அப்படித்தான் ஒரு கணம் நின்று, மேலே ஏறலாமா வேண்டாமா என்று யோசிப்பான். சற்றுமுன்தான் அவன்மேல் மண்ணைத் தள்ளிவிட்டு வந்திருந்தார்கள்.

அவளுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. அந்த இயந்திரத்தைச் செய்தவளே அவள்தான். அதன் ஒவ்வொரு பற்றவைப்பும் அவள் கைவேலை. டம்ளரை மேடைமேல் வைத்தாள். ஒயரைப் பிடுங்கிவிடலாம் என்று கையை நீட்டினாள்.

"தொடாதே."

வாசல்படியில் அண்ணி நின்றிருந்தாள். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை. அழுது அழுது வீங்கிய கண்கள் திரையை விட்டு அசையவே இல்லை.

"அண்ணி, இது சும்மா ஏதோ கோளாறு..."

"கோளாறா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ தொடாதே."

தங்கை கையை இறக்கிக்கொண்டாள். வேறு என்ன செய்வாள்? புருஷனைப் பறிகொடுத்து ஒரு நாள்கூட ஆகாதவளிடம் மின்சாரப் பாடம் நடத்தவா முடியும்?

தங்கை வேலை பார்ப்பது தராசுத் தொழிற்சாலையில். கடைகளில் காய்கறி நிறுக்கிற மின்னணுத் தராசுகளுக்கு மூளையாக இருக்கும் ப்ரோகிராமை எழுதுவது அவள் வேலை. அண்ணனோ கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். முகமூடி போட்டால் மூச்சு முட்டுகிறது என்று காலம் பூராவும் முகமூடி இல்லாமல் அடித்து, கடைசியில் மூச்சே முட்டுகிற நிலைக்கு வந்து சேர்ந்தான். படுக்கையில் விழுந்த பிறகு, அவன் மூச்சு நின்றுவிடுமோ என்ற பயத்தில் அண்ணி அறையை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலைக்கு லீவு போட்டாள், சமைக்கவில்லை, தலை வாரவில்லை. இப்படியே போனால் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டிவரும் என்று தோன்றிய அன்றுதான் தங்கை ஒரு யோசனையோடு வந்தாள்.

தராசுக்குள் எடையை உணர்கிற ஒரு சிப் உண்டு. அதை ஒரு துணிப்பட்டையில் தைத்து அண்ணனின் நெஞ்சில் கட்டினாள். நெஞ்சு விரிந்தால் பட்டை இழுபடும், சிப் அதை எடையாக நினைத்து ஒரு எண்ணாகச் சொல்லும். அங்கிருந்து ஒரு தட்டையான ஒயர், நடை வழியாகச் சுவரோரமாக ஓடிச் சமையலறைக்கு வந்து, பெரிய சிப்பிலும் திரையிலும் முடியும். அண்ணி அடுப்பைப் பார்த்துக்கொண்டே புருஷனின் மூச்சையும் பார்த்துக்கொள்ளலாம். கோடு தட்டையாகிவிட்டால் சங்கு ஊதுகிற மாதிரி ஒரு சத்தம் வரும்.

"இது எப்படிப் பேசிக்குது?" என்று பட்டையைக் கட்டியபோது அண்ணன் கேட்டான். தெரிந்துகொள்ளும் ஆசை அவனுக்கு எப்போதும் உண்டு.

"கொடுக்கல் வாங்கல்தான்ணா. பெரிய சிப் தாளம் போடும். ஒரு கம்பி தாளத்துக்கு, ஒரு கம்பி போறதுக்கு, ஒரு கம்பி வர்றதுக்கு. ஒவ்வொரு தட்டுக்கும் இங்கேர்ந்து ஒரு துளி போகும், அதே தட்டுல அங்கேர்ந்து ஒரு துளி வரும். உன் நெஞ்சுல இருக்கறது தானா வாயைத் திறக்காது. தட்டினாத்தான் சொல்லும்."

"இங்கேர்ந்து எதுக்குப் போகணும்? அது சொல்றதை மட்டும் கேட்டா போதாதா?"

"அந்த முறையே அப்படித்தான். வாங்கணும்னா எதையாவது குடுத்தே ஆகணும். குப்பையா இருந்தாலும் பரவாயில்லை, அது கண்டுக்காது."

"நம்ம வீட்ல தாளம் போடறது யாருன்னு ஊருக்கே தெரியும்" என்றான் அண்ணன்.

துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி தலையைத் தூக்காமலே, "ஆமா, நான் தட்டறேன், அங்கேர்ந்து குப்பைதான் வருது" என்றாள்.

அண்ணன் சிரித்தான். நெஞ்சு குலுங்கியது. திரையில் கோடு அந்த இடத்தில் மட்டும் ரம்பம்போலப் பல் பல்லாகச் சிலிர்த்தது. அண்ணி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, "சிரிப்புகூடத் தெரியுதுடி ஃப்யூஸு!" என்று அங்கிருந்தே கத்தினாள். சின்ன வயதில் ஆணியைப் பிளக்கில் செருகி வீட்டையே இருட்டாக்கியதால் தங்கைக்கு அண்ணன் வைத்த பெயர் அது. கல்யாணமாகி வந்த அண்ணியும் அதையே பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு அண்ணி மனுஷியானாள். அரைநாள் வேலைக்குப் போனாள். சமையலறையில் ரேடியோ கேட்டாள். தங்கைக்கு அந்தத் திரையை நினைத்தால் பெருமை பிடிபடாது. தொழிற்சாலையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அண்ணன் இறந்தது ஒரு காலைப் பொழுதில். அண்ணி மாத்திரையை எடுத்துக்கொண்டு போய் எழுப்பினாள், உடம்பு ஜில்லென்று இருந்தது. வந்து பார்த்த டாக்டர், உயிர் போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும் என்றார். "இல்லையே, கோடு ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு" என்று அண்ணி திரும்பத் திரும்பச் சொன்னாள். துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று எல்லோரும் அவளைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தார்கள். அந்த அமளியில் சமையலறைப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது தங்கை அறைக்குள் போய்ப் பார்த்தாள். கட்டில் காலியாக இருந்தது. நெஞ்சுப்பட்டை அதன் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. ஒயர் இன்னும் அதில்தான் இருந்தது, ஆனால் முழுதாக இல்லை. தாளக் கம்பியும் போகிற கம்பியும் ஒட்டிக்கொண்டிருந்தன. திரும்பி வருகிற கம்பி மட்டும் பற்று விட்டு, பிரிந்து, தலையணை உயரத்தில் கட்டிலோரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தாள். யோசிக்க யோசிக்க விஷயம் பிடிபட்டது. போகிற கம்பியும் வருகிற கம்பியும் நடை நெடுக ஒட்டிப்படுத்துக்கொண்டு வருகின்றன. வருகிற கம்பியின் நுனியில் யாரும் இல்லை. ஆளில்லாத கம்பி பக்கத்து வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்கும். போகிற கம்பியில் என்ன போகிறதோ, அதுவே மெலிதாக இதில் தொற்றிக்கொண்டு திரும்பும். பெரிய சிப்புக்கு அது தெரியாது. தான் சொன்னதே பதிலாக வந்தால், ஆஹா, பதில் வந்துவிட்டது என்று வாங்கி வைத்துக்கொள்ளும்.

அதுமட்டும் என்றால் வெறும் இரைச்சல்தான் வந்திருக்க வேண்டும். மூச்சு வந்ததற்குக் காரணம் தங்கையின் சிக்கனம். எஞ்சினியர்கள் ஒரு தினுசு. இடம் மிச்சப்படுத்தியதற்கு யாரும் மாலை போடப்போவதில்லை, ஆனாலும் மிச்சப்படுத்துவார்கள். சிப்பின் நினைவில் வட்டமாகச் சின்னச் சின்னப் பெட்டிகளை அடுக்கியிருந்தாள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கணத்து மூச்சு. வட்டம் ஒருமுறை சுற்றி வந்ததும், பெட்டியில் கிடக்கிற பழைய எண்ணையே குப்பையாக வெளியே அனுப்பிவிட்டு, வருகிற புது எண்ணை அதே பெட்டியில் போட்டுக்கொள்ளும். கொடுப்பதும் வாங்குவதும் ஒரே பெட்டி. இப்போது வெளியே போனதே திரும்பி வருகிறது. பழைய மூச்சு போகிறது, பழைய மூச்சே வந்து அதே பெட்டியில் உட்காருகிறது. கம்பி அறுவதற்கு முன்னால் அண்ணன் விட்ட ஒரு சுற்று மூச்சு, யாரும் விடாமலே சுற்றிக்கொண்டிருந்தது.

தராசில் இப்படி நடக்காது. தராசு அவ்வப்போது எடையை உணர்கிற சிப்பிடம் 'நீ யார்?' என்று கேட்கும். அது தன் அடையாள எண்ணைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தராசு அலறும். இந்த இயந்திரத்திலும் முதலில் அந்தக் கேள்வி இருந்தது. கேட்கிற ஒவ்வொரு முறையும் கோடு ஒரு கணம் தடுக்கியது. தடுக்கும்போதெல்லாம் அண்ணி கரண்டியைப் போட்டுவிட்டு அறைக்கு ஓடினாள். பாவமாக இருந்ததால் தங்கை அந்தக் கேள்வியை எடுத்துவிட்டாள். கோடு வழுவழுவென்று ஓடியது. அண்ணி கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

இதையெல்லாம் அண்ணியிடம் ஒரு மாதிரியாகச் சொல்லிப் பார்த்தாள். பாதி சொன்னாள், பாதியை விழுங்கினாள்.

"அதாவது புதுசா ஒண்ணும் வரலை. பழசுதான் சுத்துது" என்றாள் அண்ணி.

"ஆமாண்ணி."

"அவரோடதுதானே அது? வேற யாரோடதும் இல்லையே?"

"அண்ணனோடதுதான்."

"கரண்ட் போனா?"

"போயிடும். வேற எங்கயும் எழுதி வைக்கலை."

"வெளியில எடுக்க முடியாதா? உன் கம்ப்யூட்டர்ல போட்டு வைக்கிற மாதிரி?"

முடியாது. தொழிற்சாலைப் பழக்கத்தில், வேறு கம்பெனிக்காரன் திருடிவிடாதபடி சிப்பைப் பூட்டியிருந்தாள். பூட்டைத் திறந்தால் உள்ளே இருப்பதையெல்லாம் அது அழித்துவிட்டுத்தான் திறக்கும். தன் அண்ணன் வீட்டுச் சமையலறைக்கு எந்தத் திருடன் வரப்போகிறான் என்று பூட்டினாளோ, அவளுக்கே தெரியாது. தன் தலையில் தானே ஓங்கிக் குட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

"அப்ப அப்படியே இருக்கட்டும்" என்றாள் அண்ணி. இயந்திரத்தின் பிளக்கின் மேல் யார் கையும் படாதபடி ஒரு பெரிய பாத்திரத்தை எடுத்து அதன்முன் மறைப்பாக வைத்தாள்.

அப்படியே இருந்தது. தங்கை அண்ணியோடு தங்கிவிட்டாள். அண்ணியை அந்த வீட்டில், அந்தக் கோட்டோடு தனியாக விட அவளுக்கு மனசு வரவில்லை. அண்ணி ஒரு நாற்காலியை அலமாரிக்கு எதிரே போட்டுக்கொண்டாள். சாப்பாடு அங்கே, மௌனம் அங்கே. சில சமயம் அவள் மார்பும் அந்தக் கோட்டோடு ஏறி இறங்கும். அடியில் அது தயங்கினால் இவளும் தயங்குவாள். தங்கைக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. "அண்ணி, மூச்சை உங்க இஷ்டத்துக்கு விடுங்க" என்று ஒருநாள் சத்தம் போட்டாள். அண்ணி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் ஒரு இடம் வரும்போது மட்டும் அண்ணியின் முகம் மலரும். வட்டத்தின் கடைசிப் பக்கம், கோடு திடீரென்று பல் பல்லாகச் சிலிர்க்கும். சிலிர்த்து அடங்கும். மறுபடி மூச்சு ஓடும்.

"பாரு, பாரு, சிரிக்கறார்" என்பாள் அண்ணி. தலைமுடி கனத்தில் லென்ஸ் விளிம்பைத் தேய்க்கிற கண் அவளுக்கு. எதுவும் தப்பாது. "ஏதோ கனவு கண்டு சிரிச்சிருக்கார். போறப்ப சிரிச்சுக்கிட்டுத்தான் போயிருக்கார்டி. எனக்கு இது போதும்."

தங்கை தலையாட்டினாள். அண்ணிக்கு இந்த வீட்டில் மிச்சம் இருந்தது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். அதை அவளிடமிருந்து பிடுங்க எந்தப் பாவிக்கு மனசு வரும்?

தொழிற்சாலைக்குத் திரும்பிய அன்று, சாப்பாட்டு மேசையில் 'சந்தேகம்' எதிரே வந்து உட்கார்ந்தார். தராசுகளைக் கடைக்கு அனுப்புமுன் அடித்து, உதைத்து, நனைத்துச் சோதிப்பவர் அவர். எதையும் நம்பாத மனுஷன் என்பதால் அந்தப் பெயர். தங்கை அவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் துக்கம் விசாரித்தார், பிறகு வழக்கம்போல ஆரம்பித்தார்.

"வயர் எப்ப அறுந்துச்சு?"

"அண்ணனைத் தூக்கும்போது பட்டையைக் கழட்டினாங்க. அப்ப இழுபட்டிருக்கும்."

சந்தேகம் மெல்லுவதை நிறுத்தினார். "தூக்கும்போதுன்னா, உயிர் போய் ரொம்ப நேரம் கழிச்சு. அப்ப அறுந்திருந்தா, கடைசிச் சுற்றுல தட்டைக் கோடுதானே இருக்கணும்? சங்கும் ஊதியிருக்கணுமே. மூச்சு சுத்துதுன்னா, மூச்சு இருக்கும்போதே அறுந்திருக்கு."

தங்கை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். இத்தனை நாள் இது தனக்கு எப்படித் தோன்றாமல் போனது? தோன்றியிருக்கும், மனசுதான் உள்ளே விடவில்லை.

"நீ சொல்ற மாதிரி ஒட்டுக்கேக்குதான்னு முதல்ல உறுதி பண்ணிக்கோ" என்றார் அவர். "அறுந்த நுனியை விரலால பிடிச்சுப் பாரு. ஆளில்லாத வயரைத் தொட்டா உடம்புல இருக்கற இரைச்சல் எல்லாம் அதுல ஏறும். திரையில ஏதாவது மாறினா உன் கணக்கு சரி. மாறலைன்னா வேற ஏதோ."

வேற ஏதோ என்பதைச் சொல்லும்போது சந்தேகம்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் நடையில் விழுந்துகொண்டிருந்தது. அண்ணி நாற்காலியில் இருந்தாள். தங்கை அவளிடம் ஒன்றும் சொல்லாமல் அறைக்குப் போனாள். தொட்டால் தொடுகிற நேரத்துக்கு உள்ள பெட்டிகள் கெடும், அவ்வளவு மூச்சு அழியும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு கணம்தானே, ஒரு மூச்சில் ஒரு துண்டு, அண்ணன் தப்பாக நினைக்க மாட்டான் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

அண்ணன் படுத்திருந்த பக்கம் உட்கார்ந்தாள். அறுந்த நுனி தலையணைக்குப் பக்கத்தில் தொங்கியது. கையை நீட்டினால் எட்டும். படுத்திருக்கிறவனுக்கும் எட்டும். அவள் அதை விரல்களுக்குள் வைத்து இறுக்கிப் பிடித்தாள், விட்டாள்.

சமையலறையில் நாற்காலி சரிந்து விழுகிற சத்தம் கேட்டது.

"ஃப்யூஸு! ஓடி வா! இன்னொரு தடவை சிரிச்சார்! புதுசா, வேற இடத்துல! வா சீக்கிரம்!"

தங்கை எழுந்திருக்கவில்லை. எதுவும் தப்பாத அண்ணியின் கண்ணுக்கே, அவள் கை பட்டதால் சிலிர்த்த பல்லும், ஏற்கெனவே அங்கே இருந்த பல்லும் ஒன்றாகத் தெரிகிறது என்றால், ஏற்கெனவே இருந்தது சிரிப்பில்லை. பட்டையிலிருந்து கம்பி பிரிந்த பிறகு நெஞ்சின் குலுக்கல் எதுவும் அந்தத் திரைக்குப் போய்ச்சேர வழியில்லை. போகக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அறுந்த நுனியைப் பிடித்த ஒரு கை. தூக்கத்தில் புரண்டபோது கம்பி பற்று விட்டிருக்கும். பிறகு மூச்சு முட்டியபோது அண்ணன் எதையோ பிடித்துக்கொள்ளத் தேடியிருக்கிறான். குரல் எழும்பவில்லை. கைக்குக் கம்பி கிடைத்திருக்கிறது. அது எங்கே போய் முடிகிறது என்று அவனுக்குத் தெரியும், தங்கையே சொல்லிக்கொடுத்திருந்தாளே. அவன் கம்பி வழியாகக் கூப்பிட்டிருக்கிறான். சமையலறையில் அது ஒரு சின்னச் சிலிர்ப்பாகத் தெரிந்து, அதற்குப் பிறகு, இல்லாத மூச்சு அழகாக ஓடியிருக்கிறது.

செய்தது நான், கேள்வியை எடுத்தது நான் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அண்ணி மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். தங்கையின் கை கம்பிக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தாள். சந்தோஷம் அப்படியே நின்றது.

"என்ன பண்ணினே?"

"ஒண்ணுமில்லைண்ணி. சும்மா பாத்துக்கிட்டிருந்தேன்."

"அதைத் தொட்டியா?"

தங்கை கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"தொட்டா அந்த மாதிரி வருமா?"

"கரண்ட் ஏறி இறங்கினாலும் வரும் அண்ணி. ஃப்ரிட்ஜ் ஓடினா வரும். நிறைய காரணம் இருக்கு..."

அண்ணி அவளையே பார்த்தாள். கடைக்கு வந்து, தெரியாத எழுத்தைத் தெரிகிறது என்று சாதிக்கிற வாடிக்கையாளர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய பார்வை. அந்தப் பார்வைக்கு முன்னால் தங்கையின் ஃப்ரிட்ஜ் நிற்கவில்லை. வாக்கியத்தை நடுவிலேயே விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப முதல்ல இருந்தது யாரு தொட்டது?" என்றாள் அண்ணி.

நடையில் வெயில் நகர்ந்தது. சமையலறையில் திரை தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"அவர் கையில இருந்துச்சு" என்றாள் அண்ணி மெதுவாக. "அன்னிக்கு நான் மாத்திரையோட வந்தப்ப, இந்த வயரு அவர் விரலுக்குள்ள இருந்துச்சு, நுனி மட்டும் நழுவி வெளியில நீட்டிக்கிட்டு. ஏதோ தூக்கத்துல பிடிச்சிருக்கார்னு நினைச்சு நான்தான் விரலைப் பிரிச்சு எடுத்துவிட்டேன்."

"அண்ணி..."

"நான் அதைப் பாத்தேன்டி. அந்தச் சிலிர்ப்பை. வந்தப்பவே பாத்தேன். மனுஷன் கனவுல சிரிக்கறார்னு நினைச்சு நானும் சிரிச்சேன். கோடு நல்லா ஓடுதேன்னு ரேடியோ சத்தத்தைக் கூட்டி வெச்சேன்."

அவள் அழவில்லை. தங்கைதான் அழுதாள். அண்ணியின் கையைப் பிடிக்கப் போனாள். நான் அந்தக் கேள்வியை எடுத்திருக்கக் கூடாது, என் மேலதான் தப்பு, என்னை நாலு அறை அறைங்க என்று என்னென்னவோ சொன்னாள். அண்ணி அவளை ஒதுக்கிவிட்டு வந்து கட்டிலில் படுத்தாள். அண்ணன் படுத்த பக்கம், அவன் தலை பதிந்த பள்ளத்திலேயே தலையை வைத்தாள். தொங்கிய கம்பியைத் தேடி எடுத்தாள்.

"வேணாம் அண்ணி. நீங்க பிடிச்சா அவ்வளவும் அழிஞ்சிடும். திரும்ப வராது. விட்டுடுங்க, கெஞ்சிக் கேக்கறேன்."

"நீ அங்க போ."

"அண்ணி, அவனோட மூச்சு அவ்வளவுதான் இருக்கு."

"அந்தப் பக்கம் போய் நில்லுன்னு சொல்றேன்ல?"

அந்தக் குரலை இந்த வீட்டில் யாரும் மீறியதில்லை. தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு நடையைக் கடந்து சமையலறைக்குப் போனாள். கவிழ்ந்து கிடந்த நாற்காலியைத் தாண்டித் திரைக்கு முன்னால் நின்றாள். அண்ணனின் மூச்சு ஏறியது, இறங்கியது, தயங்கியது. அடுத்த மூச்சு ஏறப் போகிற இடத்தில் கோடு உடைந்தது.

பல் பல்லாக, நிற்காமல் சிலிர்த்துக்கொண்டே வந்தது. அண்ணி கையை எடுக்கவில்லை. ஒவ்வொரு மூச்சாக அது தின்றுகொண்டு போவதைத் தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை கத்தலாமா என்று வாயைத் திறந்தாள். யாரை நிறுத்தச் சொல்வது? வட்டம் பாதி போயிற்று. அவள் தொட்ட இடம் போயிற்று. கடைசிப் பக்கம் வந்தது. அண்ணனின் கை இருந்த அந்தச் சிலிர்ப்பின் மேல் அண்ணியின் கை ஏறியது. எது முடிந்து எது தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு அதுவும் கடந்து போயிற்று. வட்டம் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தபோது திரையில் ஒரு மூச்சுகூட மிச்சமில்லை.

அறையிலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. உரக்கக்கூட இல்லை, மூச்சு போதாதவர்கள் பேசுகிற மாதிரி வந்தது.

"ஃப்யூஸு... அங்க ஏதாவது தெரியுதா?"

"தெரியுது அண்ணி! தெரியுது, இதோ வந்துட்டேன்!" என்று கத்திக்கொண்டே அவள் நடையில் ஓடினாள்.